பின் தகடு மாட்டியாச்சா?

“…நீ கத்தலைன்னா அவன் ஏன் தள்ளப்போறான்? அதை மட்டும் சொல்லு. சுத்தி வளைக்காத.”

“நான் கத்துனது நிஜந்தான் அண்ணி. ஆனா நான் சொல்ல வந்தது வேற…”

“ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. உன் வாயாலதான் போச்சு அவன் விரல். அதை ஒத்துக்கோ, நான் பேசாம இருக்கேன்.”

சமையலறையில் ஏதோ பாத்திரம் கை தவறி விழுந்தது. அதற்குப் பிறகு நிதானத்தின் மனைவி குரல் கேட்கவில்லை. அக்காவின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

சுவருக்கு இந்தப் பக்கம் கட்டிலில் நிதானம் படுத்திருந்தான். இடது கை இரண்டு தலையணைகளின் மேல் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. கட்டு முழங்கை வரை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்றாவது நாள். எழுந்து நாலு எட்டு வைத்தால் சமையலறை. “அக்கா, அவமேல தப்பு இல்ல. தப்பு என்மேலதான்” என்று சொல்ல ஒரு நிமிஷம் கூட ஆகாது. கால்தான் ஒடியவில்லையே.

அக்காவின் காலடிச் சத்தம் அறை வாசலுக்கு வந்தது. நிதானம் கண்ணை மூடிக்கொண்டான். அக்கா போர்வையை இழுத்து விட்டு, “தூங்குறான் பாவம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

நிதானம் என்பது அவனுக்கு வைத்த பெயர் இல்லை. ஆனால் இருபது வருஷமாக அந்தப் பெயரில்தான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். எதைக் கேட்டாலும் “நிதானமா, நிதானமா” என்பான். ஒரு அளவை மூன்று தடவை எடுத்துவிட்டுத்தான் பென்சிலைக் காதிலிருந்து இறக்குவான். பட்டறைச் சுவரில் அவன் கைப்பட எழுதி ஒட்டிய தாள் ஒன்று உண்டு. தொளதொளச் சட்டை போடாதே, தள்ளுகட்டை இல்லாமல் தள்ளாதே, பிளேடு சுற்றும்போது பேசாதே என்று வரிசையாக இருக்கும். மற்ற பட்டறைக்காரர்கள் வந்து அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். “வாத்தியாருக்குப் படிச்சிருக்க வேண்டியவன் தச்சனாப் போயிட்டான்” என்று மரக்கடைக்காரர் கிண்டல் செய்வார். நிதானத்துக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அந்தப் பெருமைதான் இப்போது நாக்கைக் கட்டிப் போட்டிருந்தது.

பட்டறையில் வேலை செய்வது இரண்டே பேர். அவனும் மனைவியும். நீளமான பலகையை மேசை ரம்பத்தில் அறுக்கும்போது அவன் முன்னால் நின்று தள்ளுவான், அவள் பின்னால் நின்று வாங்குவாள். பலகை முக்கால்வாசி போனதும் முனை அவள் கைக்கு வரும். அவள் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு “விடுங்க” என்பாள். அதாவது, நான் பிடித்துக்கொண்டேன், மிச்சத்தைத் தள்ளி விடுங்க என்று அர்த்தம். மோட்டார் சத்தத்தில் நீளமாகப் பேச முடியாது. ஒரே சொல். பதினோரு வருஷமாக அந்தச் சொல் கேட்டதும் அவன் கை தானாகத் தள்ளும்.

ஏதாவது கோளாறு என்றால் என்ன சொல்வது என்று அவர்கள் பேசி வைத்ததே இல்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று தோன்றவில்லை. சுவரில் ஒட்டிய தாளிலும் அது இல்லை.

அந்தத் திங்கட்கிழமை கட்டிலுக்குப் பக்கச் சட்டம் அறுத்தார்கள். மரத்துக்குள் முறுக்கு இருந்திருக்கிறது. சில மரம் அப்படித்தான், அறுக்க அறுக்க அறுத்த வாய் தானாக மூடிக்கொள்ளும், மூடிப் பிளேடைக் கவ்வும். கவ்வினால் பலகை ஆளைப் பார்த்து உதைக்கும். அது நடக்கக்கூடாது என்றுதான் பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு நிற்கிறது. அது அறுத்த வாயை மூட விடாது. பார்த்தால் ஒன்றுமில்லாத ஒரு இரும்புத் துண்டு. அதைப் பின் தகடு என்பார்கள்.

மனைவி முனையை வாங்கிய உடனே பலகை அவள் கையில் நடுங்கியது. வாய் மூடுவதைக் கண்ணால் பார்த்தாள். கையை எடுங்கள், பலகையை விட்டு விலகுங்கள் என்று சொல்ல நினைத்தாள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் வாயில் என்ன வருமோ அதுதான் வந்தது.

“விடுங்க.”

அவன் தள்ளினான்.

பலகை எழும்பி, பிளேடுக்கு மேலே இருந்த தகர மூடியைத் தூக்கி எறிந்தது. அவன் அனிச்சையாக இடது கையால் அதை அமுக்கினான். அமுக்கின பலகை கைக்கு அடியிலிருந்து அவன் பக்கமாகப் பாய்ந்துவிட்டது. கை விழுந்த இடத்தில் பிளேடு இருந்தது.

ஆள்காட்டி விரல் நடுக்கணுவோடு போனது. நடுவிரல் தனியாக விழுந்தது. மோட்டாரை நிறுத்தியதும், துண்டால் அவன் கையை இறுக்கிக் கட்டித் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னதும், மரத்தூளுக்குள் கையை விட்டுத் தேடியதும் அவள்தான். விரல்களை ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பக்கத்து ஜூஸ் கடை ஐஸ் மேல் வைத்துக்கொண்டு போனாள். ஐஸில் நேராகப் போட்டிருந்தால் தைக்கவே முடிந்திருக்காது என்றார் டாக்டர். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டதற்கு, “இவர்தான் எழுதி ஒட்டியிருக்காரு” என்றாளாம். நடுவிரலை ஒட்டினார்கள். ஆள்காட்டி விரல் சிதைந்து போயிருந்தது, அதை விட்டுவிட்டார்கள்.

இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. அன்றைக்கு மெஷினில் பின் தகடு இல்லை.

அதற்கு மூன்று நாள் முன்னால் மேசை டிராயர்களுக்குக் காடி எடுத்தான். அடிப்பலகை போய் உட்காரும் பள்ளம் அது. பலகையைப் பாதி ஆழம்தான் அறுப்பார்கள் என்பதால் தகடு இடிக்கும், கழற்றியே ஆக வேண்டும். கழற்றினான். வேலை முடிந்தது. தகடு ஜன்னல் விளிம்பில் கோந்து டப்பாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. மாட்ட இரண்டு போல்ட். பத்து நிமிஷ வேலை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

திங்கட்கிழமை காலையில் பலகையைத் தூக்கிக்கொண்டே அவள் கேட்டாள்: “பின் தகடு மாட்டியாச்சா?”

“மாட்டியாச்சு” என்றான்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று இன்றைக்கும் அவனுக்குத் தெரியாது. அவள் குனிந்து பார்க்கவில்லை. தகர மூடியை இறக்கிவிட்டால் தகடு இருக்கிறதா இல்லையா என்று வெளியே தெரியாது. நிதானம் மாட்டிவிட்டேன் என்றால் மாட்டியதுதான்.

வீட்டுக்கு வந்த பதினாறாவது நாள் அவள் மருந்து வாங்கப் போன நேரத்தில், யாருக்கும் சொல்லாமல் இரண்டு தெரு தள்ளி இருந்த பட்டறைக்குப் போனான். ஜூஸ் கடைக்காரர் தரையைக் கழுவி விட்டிருந்தார். தகடு ஜன்னல் விளிம்பிலேயே இருந்தது. ஒற்றைக் கையால் அதை எடுத்து மெஷினுக்குள் இறக்கி, குனிந்து தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு போல்ட்டைத் திருகினான். போல்ட் மூன்று தடவை தூளுக்குள் விழுந்தது. ஒரு மணி நேரம் பிடித்தது. உடம்பு வேர்த்துக் கட்டு நனைந்து ரத்தம் கசிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கட்டைப் பார்த்துப் பதறினாள்.

“கதவுல இடிச்சுக்கிட்டேன்” என்றான்.

அவள் உட்கார்ந்து கட்டை மாற்றினாள். பஞ்சு காயத்தில் ஒட்டியிருந்த இடத்தை நனைத்து நனைத்து, வலிக்காமல் பிரித்தாள்.

மறு வாரம் அக்கா வீட்டுக்காரர், மோட்டார் ரிப்பேர் செய்கிறவர், மெஷினில் கோளாறு இருக்குமோ என்று அவராகவே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மெஷினில் ஒரு குறையும் இல்லை, தகடு கிகடு எல்லாம் வைத்த இடத்தில் ஜம்மென்று நிற்கிறது என்றார். அக்கா, நிதானத்தின் மனைவியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையே போதும், பேச்சு வேண்டியிருக்கவில்லை. நிதானம் கட்டைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டான்.

அதற்குப் பிறகுதான் அவன் ஒன்றைக் கவனிக்க ஆரம்பித்தான். அவள் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் “அட விடுங்க” என்பவள், இப்போது “அது இருக்கட்டும்” என்றாள். தொட்டி காலியானால் “தண்ணியத் திறந்து வைங்க” என்றாள், தண்ணிய விடுங்க என்று வரவில்லை. ஹாஸ்டலில் இருந்து மகள் போன் செய்து, “பழசையே நினைச்சுக்கிட்டு இருக்காத, விடும்மா” என்றபோது, ஸ்பீக்கரில் அவனுக்கும் கேட்டது, அவள் போனை அவன் கையில் கொடுத்துவிட்டுத் துணி எடுக்கப் போய்விட்டாள். ஒரு நாளைக்கு நூறு தடவை வாயில் வரும் சொல் அது. நூறு தடவையும் அவள் அதைச் சுற்றிக்கொண்டு போனாள்.

தையல் பிரித்த பிறகு வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் பிசியோ. ஒட்டின விரல் மரக்கட்டை மாதிரி விறைத்து நின்றது. இல்லாத விரல் அரித்தது, வலித்தது. ஆள்காட்டி விரலின் மொட்டைக் கணுவில் சட்டைத் துணி பட்டால் கூட ஷாக் அடித்த மாதிரி இருந்தது. தினம் பஞ்சால் தடவ வேண்டும், பிறகு துண்டால், பிறகு ஒரு டப்பா அரிசிக்குள் கையை விட்டு அளைய வேண்டும். அப்போதுதான் கூச்சம் போகும் என்றார் பிசியோ மேடம். மனைவி ஒரு நோட்டில் நேரம் போட்டு எழுதி வைத்தாள். காலையில் பத்து நிமிஷம், மதியம் பத்து, சாயங்காலம் பத்து. அவன் வேண்டாம் என்று முனகினாலும் கேட்க மாட்டாள். சட்டைப் பொத்தான் போட்டுவிடுவாள். சீசா மூடி திறந்து கொடுப்பாள். எப்போதும் பார்வை அவன் கைமேல்தான். முகத்தைப் பார்த்து அவள் பேசி எவ்வளவு நாள் ஆயிற்று என்று அவன் ஒரு நாள் எண்ணிப் பார்த்தான். எண்ண முடியவில்லை.

நாலாவது மாதம் ஒரு புதன்கிழமை. விரலை மடக்கி, பத்து எண்ணி, தளர்த்துவதை வீட்டில் எப்படிச் செய்வது என்று பிசியோ மேடம் மனைவிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். மனைவி அவன் நடுவிரலை இரண்டு கையாலும் மடக்கிப் பிடித்தாள். மேடம் எண்ணினார். பத்து வந்தது.

“இப்ப விடுங்க” என்றார்.

அவள் விடவில்லை. அவள் கை அப்படியே இறுகிவிட்டது. அவனுக்கு உயிர் போகிற வலி. “விடுங்க, விடுங்க” என்று மேடம் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. கடைசியில் மேடம்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவள் எழுந்து வெளியே போனாள்.

நிதானம் பின்னாலேயே போனான். வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்தாள், எங்கேயும் ஓடிவிடக்கூடாது என்பது மாதிரி. டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி சொன்னான்.

“அன்னைக்கு தகடு இல்ல.”

அவள் திரும்பவில்லை.

“காடி எடுக்கக் கழட்டினேன். மாட்டல. நீ கேட்டப்ப பொய் சொன்னேன். நீ என்ன சொல்லியிருந்தாலும், சொல்லாமலே இருந்திருந்தாலும், அந்த மரம் கவ்வியிருக்கும், உதைச்சிருக்கும்.”

“அண்ணன் போய்ப் பாத்தாரே. இருந்துச்சுன்னாரே.”

“அதுக்கு முன்னாடி நான் போய் மாட்டிட்டேன். கட்டுல ரத்தம் வந்துச்சே, அன்னைக்கு.”

நாலு டோக்கன் போயிருக்கும்.

“அந்தக் கட்டை நான்தான் மாத்தினேன்” என்றாள். பிறகு கேட்டாள்: “அண்ணி என்னைப் பேசினப்ப முழிச்சுக்கிட்டு இருந்தீங்களா?”

அதற்கு ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினான்.

“முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன்.”

அவள் அழவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டாள், அது வேறு யாருடைய கையோ என்பது போல. “தினம் தூங்கப் போறப்ப இந்தக் கையாலதான், இந்த வாயாலதான்னு நினைச்சேன். நாலு மாசம்” என்றாள். அப்புறம் எழுந்து, “உள்ள வாங்க. இன்னும் ரெண்டு பயிற்சி பாக்கி இருக்கு” என்றாள்.

பஸ்ஸில் வரும்போது, அண்ணியிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் அது வேறு மாதிரி ஆகும் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அக்கா வீட்டுக்குப் போனார்கள். சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது நிதானம் ஆரம்பித்தான். தகடு கழற்றியது, மாட்டாதது, கேட்டபோது சொன்ன பொய், பிறகு திருட்டுத்தனமாகப் போய் மாட்டியது என்று ஒன்று விடாமல் சொன்னான். சொல்லி முடித்தபோது நெஞ்சுக்குள் நாலு மாதமாக இருந்த கல் இறங்கிய மாதிரி இருந்தது.

அத்தான்தான் முதலில் வாயைத் திறந்தார். சிரித்தார். “ஒத்தைக் கையால தகடு மாட்டுனியா? நானே ரெண்டு கையால மாட்டத் தடுமாறுவேன். போடா.”

“நிஜமா அத்தான். தாடையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு…”

“மூக்கால ஸ்பேனர் பிடிச்சேன்னு சொல்லு, அதையும் கேட்டுக்கறேன்.”

அக்கா சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. தம்பியின் மொட்டைக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “நீயா தகட்டை மாட்டாம மெஷின ஓட்டுவ? உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா? சுவத்துல எழுதி ஒட்டியிருக்கவன்டா நீ” என்றாள். பிறகு நிமிர்ந்து, அவன் மனைவியைப் பார்த்து, சத்தம் போடாமல் கேட்டாள்:

“விரலத்தான் எடுத்த. இப்ப அவன் பேரையும் எடுக்கணுமா? இதை எத்தனை நாளா சொல்லிக் குடுத்த?”

நிதானம் கத்தினான். சத்தியம் செய்தான். வாழ்க்கையில் அவன் அப்படிக் கத்தி அவர்கள் பார்த்ததில்லை. அதுவே அவர்களுக்குச் சாட்சி ஆகிவிட்டது. எவ்வளவு ஆட்டி வைத்திருக்கிறாள் பார், நிதானமாக இருந்தவனை என்ற முகம் இருவருக்கும். மனைவி குடித்த டம்ளரை எடுத்துப் போய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். வாசலில் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

அவன் அதோடு நிறுத்தவில்லை. மரக்கடைக்காரரிடம் சொன்னான். ஆணிக்கடையில் சொன்னான். சுவரில் ஒட்டிய தாளைப் போட்டோ எடுத்துப் போன பட்டறைக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னான். எல்லோரும் தலையை ஆட்டிக் கேட்டார்கள். “பொண்டாட்டிய விட்டுக் குடுக்காத மனுஷன்யா” என்று தோளில் தட்டினார்கள். பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிற பெரிய மனசு என்று அவன் காதுபடவே பேசிக்கொண்டார்கள். அவன் வாயைத் திறக்கத் திறக்க அவன் பேர் உயர்ந்தது. அவள் பேர் இறங்கியது. “வேண்டாங்க, இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று ஒரு நாள் அவளே கேட்டுக்கொண்டாள். அதைக் கேட்டபோதும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது அவள் ஒரு துணிக் கம்பெனியில் பெட்டி கட்டும் வேலைக்குப் போகிறாள். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் ஆறு மணிக்கு வருவாள். வந்ததும் முகம் கழுவிவிட்டு நோட்டை எடுத்து வைத்து அவன் விரலை மடக்கிப் பத்து எண்ணுவாள். நடுவிரல் இப்போது பாதி மடங்குகிறது. பென்சில் பிடிக்க வருகிறது. பட்டறையில் அவன் தனியாகச் சின்னச் சின்ன வேலை செய்கிறான். நீளப் பலகை அறுக்கும் வேலை வந்தால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுகிறான். அவளை வா என்று கூப்பிடும் தகுதி தனக்கு இல்லை என்று அவனுக்குத் தெரியும். அவளும் வருகிறேன் என்று சொன்னதில்லை.

இதைப் படிக்கிற உங்களிடம் இவர்கள் இருவருக்காகவும் ஒன்று கேட்க வேண்டும். காலம் எல்லாவற்றையும் ஆற்றும், கடவுள் பார்த்துக்கொள்வார் என்றெல்லாம் எழுத வேண்டாம், அதை நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். உங்கள் வீட்டிலோ வேலை செய்கிற இடத்திலோ ஒருத்தர் செய்த தப்பை இன்னொருத்தர் தலையில் சுமந்து, பிறகு செய்தவரே வந்து சொல்லியும் யாரும் நம்பாமல் போனது உண்டா? அப்போது என்ன செய்து நம்ப வைத்தீர்கள்? யாரிடம் முதலில் போனீர்கள், எப்படிச் சொன்னீர்கள்? பட்டறைக்காரர்கள், மெஷினில் நிற்கிறவர்கள், முக்கியமாக அப்படிப் பழி சுமந்த பெண்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள். இரண்டு வரியாக இருந்தாலும் பரவாயில்லை.